கலியாணத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு கொடுக்கிறோம், ஊரைக் காட்டுகிறோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கலியாணம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பள்ளிக்கூட விடுமுறை விட்டாச்சு என்றால் எங்கள் புல்மோட்டை வீதியில் வேன்களின் எண்ணிக்கை கூடிவிடும். கண்ணாடியில் பூ ஒட்டிய ஹையேஸ் ஒன்று ரோட்டோரம் நின்று, "கலியாண வீடு எங்க?" என்று கேட்டால், சம்மாந்துறையா, புத்தளமா, அக்குறணையா என்று பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் இறக்கக்கண்டியில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளையின் ஊரில் பாதி வேனில் ஏறி இங்கே வந்துவிடும். சந்தோஷம். வரட்டும்.

என் கேள்வி, வந்தவர்களை நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு வருகிறார்கள். ஞாயிறு காலை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஏறக்குறைய நாற்பது மணித்தியாலம். நிக்காஹ் அரை மணித்தியாலம். சாப்பாடு, பெண்ணைப் பார்ப்பது, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணித்தியாலம். தூக்கம் இரண்டு இரவுக்கும் பதினான்கு. மிச்சம் இருபது மணித்தியாலம் இருக்கிறது. அந்த இருபது மணித்தியாலமும் எங்கே போகிறது?

ஆண்கள் ஒரு வேனை எடுத்துக்கொண்டு நிலாவெளிக் கடற்கரைக்குப் போகிறார்கள். இளைஞர்கள் சொல்லாமல் கொள்ளாமல் களப்பு முகத்துவாரத்தில் குளிக்கப் போகிறார்கள். வயசாளிகள் பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார்கள். பெண்கள்? எட்டுப் பேர் ஒரு ரூமில். கைக்குழந்தைக்கு ஒருத்தி விசிறிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி விருந்தாளியாக வந்த வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சாளம்பைக்கேணியில் இருந்து ஆறு மணித்தியாலம் வேனில் இருந்து வந்த ஒரு தாய், கடலுக்கு இத்தனை கிட்டவாக இரண்டு இரவு தங்கி, கடலைக் காணாமல் திரும்பிப் போகிறாள். இதை நான் ஒரு கலியாணத்தில் பார்க்கவில்லை. பல கலியாணத்தில் பார்த்துவிட்டேன்.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்த விஷயம் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசாரம், விருந்தோம்பல் மூன்று நாள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அதைச் சோற்றுக் கணக்காக மட்டும் விளங்கி வைத்திருக்கிறோம். சஹனில் எத்தனை துண்டு இறைச்சி, வட்டலப்பம் எல்லோருக்கும் கிடைத்ததா, புரியாணிக்கு எந்த ஊர்ச் சமையல்காரர் என்று மூன்று மாதம் கூடிக் கூடிக் கதைக்கிறோம். மேடைக்குப் பூ வைக்கக் கொடுக்கும் காசைக் கேட்டால் தலை சுற்றும். அந்தப் பூ அடுத்த நாள் காலையில் குப்பையில் கிடக்கும். அந்தக் காசில் கால்வாசி இருந்தால் வந்த பெண்களுக்கும் வயசாளிகளுக்கும் ஒரு பஸ் பிடித்து அரை நாள் ஊரைக் காட்டலாம். பேரப்பிள்ளைக்குக் கதையாகச் சொல்லுமளவுக்கு அந்த அரை நாளை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

"எங்கட ஊரில பாக்க என்ன இரிக்கி டீச்சர்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் வாப்பாமார், உம்மாமார் காலத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுவது என்ற பேச்சே இல்லை. 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். திரும்பி வந்த பிறகும் டவுனுக்குப் போவதென்றால் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, இருட்டுவதற்குள் வீடு. கடலுக்குப் போக மீனவருக்கே பாஸ். அந்தக் காலத்தில் கலியாணத்துக்கு வந்தவர்கள் பகல் சாப்பாட்டோடு அவசரமாகத் திரும்பிவிடுவார்கள். விருந்தாளியை வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்து பத்திரமாக அனுப்புவதுதான் அன்றைக்குப் பெரிய உபசாரம். 2004 டிசம்பர் 26இல் கடலும் வந்து அடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு கடலைப் பார்க்கவே பிடிக்காத தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் யுத்தம் முடிந்தது 2009இல். அந்த வருடம் பிறந்த பிள்ளை இன்றைக்கு ஓ.எல். முடித்திருக்கும். வீதி நன்றாக இருக்கிறது. பாலங்கள் வந்துவிட்டன. பழக்கம் மட்டும் மாறவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொண்டது. அபாயா போட்ட பத்துப் பெண்கள் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போனால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். பார்க்கட்டுமே. நாலு தடவை போனால் ஐந்தாவது தடவை யாரும் பார்க்கமாட்டார்கள். போகாமலேயே இருந்தால்தான் ஒவ்வொரு தடவையும் புதினமாக இருக்கும்.

சரி, பார்க்க என்ன இருக்கிறது? நேரத்தின்படி சொல்கிறேன்.

முதலில், ஒரு மணித்தியாலம் மட்டும் இருக்கிறவர்களுக்கு.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடற்கரைக்கே நடந்து போங்கள். காசு வேண்டாம், வேன் வேண்டாம். கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பும். கொழும்பு, புத்தளம், கல்பிட்டிக்காரர்களுக்குச் சூரியன் கடலில் இறங்குவதுதான் தெரியும். கரைவலை இழுக்கிற காலமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுத்து, கடைசியில் மடி கரைக்கு வரும்போது சின்னப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அரை மணித்தியாலம் கழித்து அதே மீன் கலியாண வீட்டுக் குசினிக்கும் வந்துவிடும். காலை நேரத்தில் பாலத்தில் இருந்து களப்பைப் பார்த்தால் கொக்கும் நாரையும் நிற்கும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது, இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கிறவர்களுக்கு.

டவுனுக்குப் போகிற வழியில், உப்புவெளிக்குக் கிட்ட வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஆயிரம் தடவை பஸ்ஸில் கடந்து போயிருக்கிறோம். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடியில் இருந்து வருகிற விருந்தாளிகளுக்கு இது அவர்களின் கடலின் கதையும்தான். கல்லில் வயதை வாசித்துக்கொண்டு போங்கள். இருபது, இருபத்திரண்டு என்று இருக்கும். உயர்தரம் முடித்த எங்கள் பிள்ளைகளின் வயது. யுத்தம் கண்ட ஊரில் இருந்துகொண்டு அதை வாசிக்கும்போது யாரும் சொல்லித்தராமலே சில விஷயம் விளங்கும்.

அல்லது கன்னியாவுக்குப் போங்கள். ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒரு கிணற்றில் இருந்து அடுத்ததற்கு நாலு அடிதான், தண்ணீரின் சூடு வேறு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்யக் கிண்டியது என்பது தமிழ் மக்களின் ஐதீகம். எங்கள் நாட்டில் எரிமலை கிடையாது. நிலத்துக்குள் ஆழமாக இறங்கிய தண்ணீர் அங்கே சூடாகிப் பாறை வெடிப்பு வழியாக மேலே வருகிறது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் அங்கேயே நடந்துவிடும். குளிக்கிறவர்கள் வாளியில் அள்ளி ஊற்றுவதுதான். திறந்த இடம் என்பதால் பெண்களுக்கு வசதி குறைவு. கையையும் காலையும் நனைத்துக்கொண்டு வரலாம். மூட்டு வருத்தக்கார மூத்தம்மாமாருக்கு அதுவே போதும்.

மூன்றாவது, அரை நாள் இருக்கிறவர்களுக்கு, டவுன்.

பிரெட்ரிக் கோட்டை வாசலால் நடந்து போங்கள். போர்த்துக்கேயர் 1620களில் சுவாமி மலையில் இருந்த பழைய கோவிலை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இந்தப் பெயர் வைத்தது ஆங்கிலேயர்தான். உள்ளே போனால் மான்கள் ஆட்டுக்குட்டி மாதிரிப் பக்கத்தில் நிற்கும். பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: மானுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டாம், சொப்பின் பேக்கைக் கீழே போடவே வேண்டாம். அதுகள் அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மேலே ஏறினால் சுவாமி மலையின் உச்சி. கீழே செங்குத்தான பாறை, அதற்குக் கீழே நீலக் கடல். "கோணேசர் கோவில் இருக்கிற இடத்துக்கு நாங்க போகலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோட்டையும் மலையும் கடலும் எல்லோருக்கும் பொது. கோவிலுக்குள் போவதா, வெளியில் நின்று பார்ப்பதா என்பது அவரவர் முடிவு. நாங்கள் வணங்கப் போகவில்லை, பார்க்கப் போகிறோம். ஆனால் போகிற முறை ஒன்று இருக்கிறது. செருப்புக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்ற வேண்டும். பூசை நடக்கும்போது நடுவில் நின்று செல்ஃபி எடுக்கக்கூடாது. கலியாண வீட்டு இறைச்சிப் பார்சலைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகக்கூடாது. எங்கள் பள்ளிவாசலுக்கு வருகிறவரிடம் என்ன மரியாதையை எதிர்பார்க்கிறோமோ அதை அங்கே நாங்கள் கொடுக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். வெளியூர் விருந்தாளி ஒருவர் தெரியாமல் செய்கிற ஒரு பிழைக்கு, அவர் போன பிறகும் இங்கே இருந்து பதில் சொல்லப் போவது நாங்கள்தான்.

அந்தப் பாறைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோவிலின் தூண்கள் கிடப்பதை 1956இல் மூழ்கிப் பார்த்தவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் கிளார்க்தான்.

இறங்கி வரும்போது, கோட்டைக்கு வெளியே எஸ்பிளனேட் பக்கம் பழைய ஆங்கிலேயர் மயானம் ஒன்று உண்டு. அங்கே அடக்கப்பட்டிருப்பவர்களில் ஒருவர் சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதி. 1852இல் பர்மா யுத்தத்தின்போது நோயில் இறந்தவர். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி. ஆங்கில இலக்கியம் படிக்கிற எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கே இது தெரியாது. கொழும்பில் இருந்து வருகிற விருந்தாளிப் பிள்ளை கேட்டால் "அப்படியா?" என்று எங்கள் பிள்ளைகள் திருப்பிக் கேட்பார்கள்!

பிறகு உள்துறைமுகப் பக்கம் போய்க் கொஞ்சம் நில்லுங்கள். உலகத்தில் இருக்கிற பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது. நாலு வல்லரசு இதற்காகத்தான் அடிபட்டது. பழைய ஒல்லாந்தர் கட்டடம் ஒன்றைத் திருத்திக் கடற்படை வரலாற்று நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். மழைக் காலத்தில் கலியாணம் வைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சீனக்குடாப் பக்கம் மரங்களுக்கு நடுவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. உள்ளே போக முடியாது. செய்தியில் அடிக்கடி அடிபடும் அந்தத் தாங்கிகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று வேனில் போகும்போது காட்டலாம்.

நாலாவது, ஒரு முழு நாள் தங்குகிறவர்களுக்கு மூன்று வழி சொல்கிறேன்.

ஒன்று, தெற்கே. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாட்டின் மிக நீளமான பாலம் அதுதான். சவூதி அரேபியாவின் உதவியில் கட்டியது. அதற்கு முன் பாதையில் ஏறிக் கடக்கக் காத்திருந்த காலத்தைக் கிண்ணியாவில் எந்த வயசாளியிடமும் கேளுங்கள், ஒரு மணித்தியாலம் சொல்வார். கிண்ணியாவின் சட்டித் தயிரை வாங்காமல் திரும்ப வேண்டாம். அப்படியே மூதூர்ப் பக்கம் போனால் மகாவலி கடலோடு சேருகிற கொட்டியாரக் குடா. கண்டி, அக்குறணை, கம்பளை விருந்தாளிகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். அவர்கள் ஊர்ப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆறு இங்கே வந்துதான் முடிகிறது. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி தகப்பனோடு பிடிபட்டதும் இந்தக் கரையில்தான். ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் இருந்து தப்பிப் போய், 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் வரலாற்றுக்காரர்கள் புரட்டுகிறார்கள்.

இரண்டு, வடக்கே. குச்சவெளி தாண்டி திரியாய். படி ஏறிப் போனால் கிரிஹண்டு சேய என்ற பழைய பௌத்த இடம். கடல் கடந்து வந்த இரண்டு வணிகர்களின் பெயரோடு சம்பந்தப்பட்ட இடம் அது. சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. இன்னும் போனால் புல்மோட்டையில் இல்மனைட் கறுப்பு மணல். பக்கத்தில் அரிசிமலைக் கடற்கரை. அங்கே மணல் குறுணி அரிசி மாதிரியே இருக்கும். கையில் அள்ளினால் விரலுக்கு இடையால் உதிரும். ஒரே கரையில் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் அரிசி.

உள்நாட்டுப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குப் பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்த விகாரை. அங்கே தமிழில் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ் பேசியவர்கள் பௌத்த விகாரைக்குத் தானம் கொடுத்ததைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு "இது யாருடைய இடம்" என்று நடக்கிற சண்டைகளுக்கு நடுவில், ஆயிரம் வருடப் பழைய அந்தக் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்லது.

மூன்று, புறாமலை. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில் சொல்கிறேன். காரணம் உண்டு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவு. அதைச் சுற்றி இருப்பது முருகைக்கல், அது உயிருள்ளது. ஒரு கலியாணக் கூட்டம் நாற்பது பேர் போய் இடுப்பளவு தண்ணீரில் அதன் மேல் ஏறி நின்றால், அது ஒடிந்து, வளர வருடக்கணக்கு ஆகும். அந்த முருகைக்கல் இல்லையென்றால் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் எங்கள் ஊரில் பாதி வீட்டில் அடுப்பு இல்லை. அதனால் போகிறவர்கள் மிதந்து பாருங்கள், மிதிக்க வேண்டாம். ஒரு துண்டுகூட எடுத்து வர வேண்டாம். நிலாவெளியில் டிக்கட் எடுத்து, உடுப்புக்கு மேல் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும். பெண்களே, நனைந்த அபாயா கல் மாதிரிப் பாரம். படகுக்காரர் அங்கி தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இப்போது கடலைப் பற்றி. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் குளம் மாதிரி இருக்கும். ஒக்டோபரில் இருந்து அது வேறு கடல். டிசம்பர் விடுமுறையில் கலியாணம் வைக்கிறோம். மழைத் தண்ணீர் நிறைந்து களப்பு முகத்துவாரத்தால் கடலுக்குப் பாயும் நேரமும் அதுதான். மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும், கீழே இழுவை. சில வருடங்களுக்கு முன் ஒரு கலியாணத்தில், மாப்பிள்ளை பக்கத்துப் பையன்கள் இருவர் சாப்பாட்டுக்குப் பிறகு குளிக்கப் போய் இழுபட்டார்கள். தோணியில் வந்த எங்கள் மீனவர்கள் கண்டதால் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒரு மணித்தியாலம் அந்தத் தாய் கத்திய சத்தம் பந்தலில் இருந்த யாருக்கும் மறக்காது. எல்லோரும் பையன்களைத்தான் ஏசினார்கள். மலைநாட்டில் வளர்ந்த பையனுக்கு முகத்துவாரம் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் நாங்கள். அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பட்டத்தையும் தொழிலையும் அச்சடிக்கிறோம். "இந்த இடத்தில் குளிக்க வேண்டாம்" என்று ஒரு வரி சொல்ல எங்களுக்கு நேரமில்லை.

இழுபட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அலை கரைக்குக் கொண்டு வந்த தண்ணீர் ஒரு ஒடுங்கிய வழியால் திரும்பிப் போகும். அந்த வழியில் மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தி ஜெயிக்க முடியாது. களைத்துப் போவீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வழியை விட்டு விலகி, பிறகு கரைக்கு வாருங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். கரையில் நிற்பவர் பாய வேண்டாம். கயிறு, கான், மரத்துண்டு, மிதக்கிற எதையாவது எறியுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இனி, கலியாண வீட்டுக்காரருக்கு என் யோசனை. பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

விருந்தாளிகளுக்கு என்று ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். சமையலுக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர் என்று பிரிக்கிறோமே, அதே மாதிரி. அது மாமாவோ சாச்சாவோ ஆக இருக்கத் தேவையில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை. உயர்தரம் படிக்கிற ஒரு பையனும் ஒரு பிள்ளையும் போதும். பையன் ஆண்கள் கூட்டத்துக்கு, பிள்ளை பெண்கள் கூட்டத்துக்கு.

அழைப்பிதழை வட்ஸ்அப்பில் அனுப்பும்போதே ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள். எந்த மாதம் கடல் எப்படி, எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது, தொழுகைக்குப் பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல் எது, கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு வேன். பெண்களோடு போகிறபோது முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையும் தொழுகை இடமும்தான். இது இரண்டும் சரியாக இருந்தால் எந்த மூத்தம்மாவும் "நான் வரல்ல" என்று சொல்லமாட்டா.

பெண்களின் பயணத்தைத் தனியாக நேரம் குறித்து முதலில் வையுங்கள். "ஆண்கள் போய் வந்த பிறகு வேன் இருந்தால் போகலாம்" என்றால் அது நடக்கவே நடக்காது. வேன் வரும்போது மஃரிபு சொல்லிவிடும்.

படகு, வேன், சாப்பாடு எல்லாவற்றையும் ஊர்க்காரரிடமே எடுங்கள். நிலாவெளிக் கரையில் எத்தனையோ ஹோட்டல் இருக்கிறது. அந்த வருமானம் எங்கள் ஊருக்குள் எவ்வளவு வருகிறது? ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளோடு கடற்கரையால் நடந்து போனபோது ஒரு ஹோட்டல் காவல்காரர், "இது கெஸ்ட்மாருக்கு மட்டும்" என்று எங்களை விலகிப் போகச் சொன்னார். கடற்கரை யாருடைய சொத்தும் கிடையாது, அது பொதுமக்களுக்கு உரியது. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் சொந்தக் கரையில் அந்நியராக நடக்கிற பழக்கம் எங்களுக்கு வந்ததற்கு நாங்களும் ஒரு காரணம். நாங்கள் போவதே இல்லை. போகாதவனின் இடத்தில் வேறு யாராவது வேலி போடத்தான் செய்வார்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. கல்வியியற் கல்லூரியில் சூழலைப் பாடமாக்குங்கள் என்று படித்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். வரலாற்றுப் புத்தகத்தில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள் என்று வாசிக்கிற எங்கள் பிள்ளை, அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற அந்தக் கோட்டையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் பரீட்சை எழுதுகிறது. ஒரு தவணைக்கு ஒரு வேலை கொடுங்கள்: "உன் வீட்டுக்குக் கண்டியில் இருந்து பத்துப் பேர் வந்தால் எங்கே கூட்டிப் போவாய்? ஏன்?" அவ்வளவுதான். உம்மாவிடம் கேட்கும், மீனவரிடம் கேட்கும், கோவில் ஐயரிடமும் விகாரை ஹாமதுருவிடமும் கேட்கும். அந்தப் பதிலை எழுதுகிற பிள்ளைக்குத் தன் ஊர் தெரியும். வருகிற வருடம் அதே பிள்ளைதான் கலியாண வீட்டுப் பொறுப்பாளர்.

வந்தவர் திரும்பிப் போய் என்ன சொல்லுவார்? "சாப்பாடு நல்லம்" என்று எல்லா ஊரைப் பற்றியும் சொல்லுவார்கள். "அந்த ஊர் ஆக்கள் எங்களக் கையப் புடிச்சிக் கூட்டிப்போய் எல்லாம் காட்டினாங்க, பத்திரமாக் கொண்டுவந்து விட்டாங்க" என்று எங்களைப் பற்றிச் சொல்லட்டும். புதுப் பெண்ணுக்கு அவளுடைய மாமியார் வீட்டில் இதைவிடப் பெரிய சீதனம் கிடையாது.

இந்த விடுமுறையில் கலியாணம் இருக்கிற வீடுகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. முகத்துவாரப் பக்கம் பையன்களை விட வேண்டாம். மூத்தம்மாமாரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள்.